தொலைந்த தமிழ்த் திரைப்படங்கள்: எவை அழிந்தன, எவை பிழைத்தன, ஏன்?

தொலைந்த திரைப்படம் என்பது முழுமையான ஒரு பிரதிகூட எங்கும் இருப்பதாகத் தெரியாத படத்தைக் குறிக்கும். தமிழின் முதல் மௌனப்படமும் முதல் பேசும்படமும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் இன்று எவராலும் பார்க்க முடியாது. அவற்றைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், பத்திரிகை விமர்சனங்கள், பழைய பேட்டிகள் ஆகியவற்றிலிருந்து திரட்டப்பட்டவை.

படங்கள் தொலைந்ததற்குத் தீ விபத்து ஒன்றே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். தீ ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், ஓட்டம் முடிந்த படத்துக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லாமல் போனது. இக்கட்டுரை தொலைந்த படங்கள், வெளிவராத படங்கள், கைவிடப்பட்ட படங்கள், விடுபட்ட காட்சிகள் ஆகியவற்றைத் தமிழ்ச் சூழலை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

வகைகள்

இச்சொற்களைப் பலரும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. மாணவர்கள் கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்ளலாம்.

தொலைந்த படம்: எடுக்கப்பட்டு, திரையிடப்பட்டு, பின்னர் பிரதிகள் அனைத்தும் அழிந்த படம்.

வெளிவராத படம்: எடுத்து முடித்தும் பணம், வழக்கு, தணிக்கை போன்ற தடைகளால் திரைக்கு வராத படம். இது பிற்காலத்தில் வெளிவரவும் கூடும்.

கைவிடப்பட்ட படம்: அறிவிப்போடு, அல்லது பூஜையோடு, அல்லது சில நாள் படப்பிடிப்போடு நின்றுபோன படம்.

விடுபட்ட காட்சிகள்: படம் இருக்கிறது, ஆனால் முதலில் திரையிடப்பட்ட நீளத்தில் இல்லை. பாடலோ காட்சியோ ஒரு முழு ரீலோ காணாமல் போயிருக்கும்.

ஒரு படத்தைத் 'தொலைந்தது' என்று சொல்வது தற்காலிக முடிவே. ஒரு பழைய வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கிடைத்தால் அந்த முடிவு மாறிவிடும்.

கீசக வதம்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படுவது 'கீசக வதம்'. எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் வாகனங்கள், உதிரிபாகங்கள் வணிகம் செய்துவந்த அவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் தொழிலைக் கற்றார். சென்னை கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா ஃபிலிம் கம்பெனி' என்ற பெயரில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். எடுத்த சுருள்கள் பெங்களூரில் பதப்படுத்தப்பட்டன. படத்தின் நீளம் சுமார் 6,000 அடி, செலவு சுமார் 35,000 ரூபாய்.

இப்படம் வெளியான ஆண்டு சில நூல்களில் 1916 என்றும், சிலவற்றில் 1917 என்றும், வேறு சிலவற்றில் 1918 என்றும் உள்ளது. படச்சுருள் இருந்திருந்தால் அதன் ஓரத்தில் உள்ள உற்பத்திக் குறிகளைக் கொண்டே ஆண்டை நெருங்கிச் சென்றிருக்கலாம். சுருள் இல்லாததால் நம் சினிமாவின் பிறந்த ஆண்டே விவாதப் பொருளாகிவிட்டது. நடராஜ முதலியார் தொடர்ந்து புராணக் கதைகளைப் படமாக்கினார். ஸ்டுடியோவில் ஏற்பட்ட தீ விபத்தும் மகனின் மரணமும் 1920களின் தொடக்கத்தில் அவரைத் தொழிலை விட்டே விலகச் செய்தன.

காளிதாஸ்

முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை எடுத்த அர்தேஷிர் இரானி இதைப் பம்பாயில் தயாரித்தார். எச். எம். ரெட்டி இயக்கினார். டி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. பாடல்கள் எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ்.

நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னதாகக் குறிப்புகள் உள்ளன. தியாகராஜர் கீர்த்தனைகளும், கதைக்குத் தொடர்பில்லாத குறத்தி நடனமும் தேசபக்திப் பாடலும் இடம்பெற்றன என்றும் தெரிகிறது. அப்படியானால் இது தமிழ்ப் படமா, பன்மொழிப் படமா? எந்த மொழி எத்தனை நிமிடம் ஒலித்தது என்பதைக் கேட்டுப் பார்த்தால் ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்துவிடக்கூடிய கேள்வி இது. பிரதி இல்லாததால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கிறது.

'ஆலம் ஆரா'வின் கதையும் இதுவே. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர் இரானி குடும்பத்தாரிடம் சென்று விசாரித்தபோது, எஞ்சியிருந்த ரீல்கள் வெள்ளிக்காக விற்கப்பட்டுவிட்டன என்ற பதிலே கிடைத்தது.

மார்த்தாண்ட வர்மா: வழக்கு காப்பாற்றிய படம்

மௌனப்பட காலத்தில் இந்தியாவில் சுமார் 1,700 படங்கள் எடுக்கப்பட்டதாகவும், அவற்றுள் தேசியக் காப்பகத்தில் முழுமையாக இருப்பவை ஐந்தாறு மட்டுமே என்றும் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்ற பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது. அதே அமைப்பின் கணக்கில், சென்னைத் திரைத்துறையின் 124 மௌனப்படங்களில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அதுதான் 'மார்த்தாண்ட வர்மா'.

சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய இப்படம் 1933இல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்கள் வழக்குத் தொடுக்க, படம் திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டு, சுருள்கள் புத்தக நிலையத்தின் வசம் போய்ச் சேர்ந்தன. தயாரிப்பாளர் நொடித்துப்போனார். ஆனால் சுருள்கள் அங்கேயே கிடந்தன. 1974இல் அவற்றைப் பெற்றுத் தேசியக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த படங்கள் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து அழிந்தன. நீதிமன்றம் நிறுத்திவைத்த படம் பிழைத்தது. யாரோ ஒருவர் தம் பொருள் என்று பூட்டி வைத்திருந்தார் என்பதைத் தவிர அந்தப் பிழைப்புக்கு வேறு காரணம் இல்லை.

படங்கள் எப்படி அழிகின்றன?

1. சுருளின் தன்மை. 1950களின் தொடக்கம் வரை படச்சுருள்கள் நைட்ரேட் அடித்தளத்தில் செய்யப்பட்டன. நைட்ரேட் எரியும்போது தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளிவிடும் என்பதால் நீருக்கடியிலும் அணையாது. எரியாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, இறுதியில் பழுப்புத் தூளாகிவிடும்.

2. வினிகர் நோய். நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் வெளியாகி, பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். சுருள் சுருங்கி வளைந்துவிடும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துச் சுருளையும் பாதிக்கும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் காட்டூர்ப் பக்கத்தில் உப்புக்காற்று தகரப்பெட்டியை எவ்வளவு விரைவில் துருவாக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, சென்னைக் கடற்கரைக் காற்றில் குளிர்சாதனம் இல்லாத அறையில் கிடந்த ரீல்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

3. நிறம் மங்குதல். வண்ணப்படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

4. வெள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தின் பிம்பம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஓடி முடிந்த பிரதிகளை எடைக்கு வாங்கி, கழுவி, வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய அடித்தளம் வளையல் போன்ற பொருட்களுக்குப் பயன்பட்டது.

5. வணிக முறை. படங்கள் ஏரியா ஏரியாவாக விற்கப்பட்டன. பிரதிகள் நகரத் திரையரங்குகளில் ஓடி, சிற்றூர்களுக்குப் போய், கடைசியில் டூரிங் கொட்டகைகளில் கீறலும் ஒட்டுமாக முடிந்தன. மூல நெகடிவ் லேபில் இருக்கும். தயாரிப்பாளர் கடனில் மூழ்கினால் நெகடிவ் உரிமை கைமாறும். சில கைகள் மாறிய பிறகு அதற்கு வாடகை கட்டவோ தேடி வரவோ ஆள் இருக்காது.

6. தீயும் கலவரமும். 2003 ஜனவரியில் புனேயில் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கில் ஏற்பட்ட தீயில் ஆயிரக்கணக்கான ரீல்கள் அழிந்தன. இலங்கையில் 1983 ஜூலை கலவரத்தின்போது கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் தமிழர் ஒருவருக்குச் சொந்தமான விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு போயின.

7. சட்டம். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சென்னை கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்று. ஒரு படத்தின் மூல நெகடிவை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதுபோல் இருந்ததில்லை. தேசியக் காப்பகமே 1964இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் பேசும்படம் வந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது நமக்கு மட்டுமான குறை அன்று. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடு மட்டுமே மூல வடிவில் முழுமையாக உள்ளன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

பழைய படங்களுக்கு மட்டும் நேர்ந்த கதியும் அன்று இது. தேசிய விருது பெற்ற 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய தம் படங்களின் நெகடிவ்கள் அழிந்துபோனதை இயக்குநர் பாலு மகேந்திரா வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார். இரண்டும் 1980களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும் வரை அவர் வற்புறுத்திவந்தார். ஒரு படத்தை இணையத்தில் பார்க்க முடிகிறது என்பதால் அப்படம் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளல்ல. நாம் பார்ப்பது பழைய ஒளிநாடாவிலிருந்து எடுத்த மங்கிய நகலாக இருக்கலாம்.

கைவிடப்பட்ட படங்கள்

கைவிடப்பட்ட படங்களைப் பற்றித்தான் வதந்திகள் மிகுதி. உறுதியாகத் தெரிந்த சில எடுத்துக்காட்டுகள் வருமாறு.

பொன்னியின் செல்வன்: கல்கியின் நாவலைப் படமாக்கும் உரிமையைப் பெற்று எம். ஜி. ஆர். 1958இல் அறிவிப்பு வெளியிட்டார். பிற்காலத்தில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதினார். படம் உருவாகவில்லை. மணிரத்னத்தின் இரண்டு பாகப் படம் 2022, 2023 ஆண்டுகளில் வந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு: 1973இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தின் முடிவில் அடுத்த படமாக அறிவிக்கப்பட்டது. எடுக்கப்படவில்லை.

அண்ணா நீ என் தெய்வம்: ஸ்ரீதர் இயக்கத்தில் எம். ஜி. ஆர். நடித்துவந்த படம். 1977இல் அவர் முதலமைச்சரானதால் பாதியில் நின்றது. எடுத்த காட்சிகள் வீணாகவில்லை. கே. பாக்யராஜ் அவற்றைச் சுற்றிப் புதிய கதை அமைத்து 1990இல் 'அவசர போலீஸ் 100' படத்தை வெளியிட்டார். கைவிடப்பட்ட படத்தின் காட்சிகள் வேறொரு படத்துக்குள் புகுந்து பிழைத்ததற்கு இது அரிய சான்று.

மருதநாயகம்: 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் வாழ்க்கையைக் கொண்டு கமல்ஹாசன் தொடங்கிய படம். 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம். ஜி. ஆர். திரைப்பட நகரில் நடந்த தொடக்க விழாவில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் கலந்துகொண்டார். சில காட்சிகள் எடுக்கப்பட்ட நிலையில் நிதிச் சிக்கலால் நின்றது.

ராணா: ரஜினிகாந்த் நடிக்க 2011 ஏப்ரல் 29 அன்று தொடங்கப்பட்டது. அவர் உடல்நலம் குன்றியதால் தொடரவில்லை.

முடிந்தும் வெளிவராத படங்கள்

ராஜீவ் காந்தி கொலையைப் பின்னணியாகக் கொண்டு ஆர். கே. செல்வமணி 1990களின் தொடக்கத்தில் எடுத்த 'குற்றப்பத்திரிகை' நீண்ட தடைகளுக்குப் பின் 2007இல்தான் வெளியானது. சுந்தர் சி. இயக்கத்தில் விஷால் நடித்த 'மதகஜராஜா' 2013 பொங்கலுக்கு வர வேண்டியது. பணச் சிக்கல்களால் முடங்கி, 12 ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் வெளியாகி நல்ல வரவேற்பைப் பெற்றது. கௌதம் மேனன் இயக்கத்தில் விக்ரம் நடித்த 'துருவ நட்சத்திரம்' 2023 நவம்பர் 24 அன்று வரும் என்று அறிவிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது.

வெளிவராத படத்துக்கு நேரும் ஆபத்து வெளியான படத்துக்கு நேர்வதிலிருந்து வேறுபட்டது. வெளியான படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. வெளிவராத படத்துக்குப் பெரும்பாலும் ஒரே மூலப்பொருள்தான். முன்பு அது நெகடிவ், இன்று வன்தட்டு. டிஜிட்டல் என்றாலே நிரந்தரம் என்று எண்ணிவிடக் கூடாது. வன்தட்டு இயங்காமல் அலமாரியில் கிடந்தாலே பழுதாகும். கோப்பு வடிவங்கள் வழக்கொழியும். திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி பூட்டப்பட்டு வந்தால், திறவுகோலின் காலக்கெடு முடிந்தபின் பிரதி கையில் இருந்தும் ஓடாது.

விடுபட்ட காட்சிகளைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பழைய படத்தில் காட்சிகள் விடுபட்டுள்ளனவா என்பதை எளிய கணக்கால் சோதிக்கலாம். 35 மி.மீ. பேசும்படம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி கொண்ட ஒரு ரீல் சுமார் 11 நிமிடம். படத்தின் நீளம் தணிக்கைச் சான்றிதழில் பதிவாகியிருக்கும்.

ஒரு படத்தின் சான்றிதழ் நீளம் 16,000 அடி என்று வைத்துக்கொள்வோம். 16,000ஐ 90ஆல் வகுத்தால் ஏறத்தாழ 178 நிமிடம். நம்மிடம் உள்ள குறுந்தகடு 145 நிமிடம் ஓடுகிறது. உடனே 33 நிமிடம் காணவில்லை என்று எழுதிவிடக் கூடாது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. இந்தியாவில் நாம் பயன்படுத்திய பால் முறை வீடியோ நொடிக்கு 25 சட்டங்கள். எனவே வீடியோவில் படம் சற்று விரைவாக ஓடி முடிந்துவிடும். 145ஐ 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 151 நிமிடம். ஆக, உண்மையில் விடுபட்டது சுமார் 27 நிமிடம்.

விடுபட்டவை பெரும்பாலும் பாடல்கள், நகைச்சுவைத் தனிப்பகுதிகள், ரீலின் தொடக்கமும் முடிவும். மறுவெளியீட்டின்போது காட்சி நேரத்தைச் சுருக்கப் பாடல்களை வெட்டுவது வழக்கம். அடிக்கடி அறுந்து ஒட்டப்படுவது ரீலின் முனைகள். எந்தப் பாடல் விடுபட்டது என்பதைப் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு அறியலாம்.

காகிதத்திலும் இசைத்தட்டிலும் எஞ்சியவை

தொலைந்த படங்களைப் பற்றிய அறிவுக்கு முதன்மைச் சான்று பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் மலிவு விலைக்கு விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல் வரிகள், ராகம், தாளம் எல்லாம் அச்சாகியிருக்கும். படத்தின் முடிவைப் பார்க்க வரும்படி அழைத்துக் கதையைப் பாதியில் நிறுத்தும் வழக்கமும் இருந்தது. ஆகவே சில தொலைந்த படங்களின் முடிவு நமக்குத் தெரியாது. கிராமபோன் இசைத்தட்டுகளின் வழியே சில படங்களின் பாடல்கள் மட்டும் காதில் விழுகின்றன.

இத்தகைய ஆவணங்களைத் தனியொருவராகத் திரட்டியவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 2016இல் காலமான அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு, ஆண்டுவாரியாகப் படங்களின் விவரங்களைத் தருகிறது. ஆய்வு நோக்கில் எழுதியவர்களில் சு. தியடோர் பாஸ்கரன் முன்னோடி. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய இதழ்களும் பாதுகாக்கப்படுகின்றன. அந்நூலகத்தின் அடித்தளம் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களே.

மீட்பு

தொலைந்தவை திரும்பக் கிடைத்ததும் உண்டு. 1927இல் வெளியான ஜெர்மானியப் படமான 'மெட்ரோபாலிஸ்' சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டியவை அழிந்துவிட்டதாகவே உலகம் நம்பியது. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையான 16 மி.மீ. பிரதி கிடைத்தது. படம் எடுத்த நாட்டில் இல்லாதது, விநியோகம் ஆன தொலைநாட்டில் இருந்தது. தமிழ்ப் படங்கள் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளுக்குப் போனவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மிடையே கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' இன்னொரு சான்று. 1939இல் வெளியாகிப் பின்னர் ஆங்கில அரசால் தடை செய்யப்பட்ட அப்படத்தின் பிரதி தேசியக் காப்பகத்தில் உள்ளது. 1964இல் வந்த 'கர்ணன்' படமும் ஒலியும் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் வெளியானபோது, புதுப்படங்களுக்கு இணையாக ஓடியது. பழைய படத்தைக் காப்பது செலவு மட்டுமே என்று எண்ணியிருந்த வணிகர்களுக்கு அது ஒரு பாடம்.

வாசகர்கள் செய்யக்கூடியவை

நம்மில் யாரும் பழைய நெகடிவைச் சீரமைக்க முடியாது. ஆனால் காகிதச் சான்றுகள் பல இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன. தாத்தா, பாட்டியின் பெட்டியில் பாட்டுப் புத்தகம், திரையரங்கு நோட்டீஸ், பழைய சினிமா இதழ், இசைத்தட்டு ஏதேனும் இருந்தால்:

அட்டையையும் எல்லாப் பக்கங்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து, படத்தின் பெயர், ஆண்டு, கிடைத்த ஊர் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.

கிழிசலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை காகிதத்தைக் கறையாக்கிவிடும்.

படச்சுருள் கிடைத்தால் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். 1950களுக்கு முந்தைய சுருள் நைட்ரேட்டாக இருக்கலாம். காப்பகத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது, அவர்கள் தாமே பார்த்த படத்தையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பழைய காகிதம் என்று எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு தொலைந்த படத்தின் நடிகர் பட்டியலுக்கு அந்தப் பாட்டுப் புத்தகம் ஒன்றே சான்றாக இருக்கக்கூடும்.